நாகர்கோவிலில் ஒரு பகல், ஒரு வயிறு: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

பவானிக்கரை:

வணக்கம். மே மூன்றாவது வாரத்தில் தக்கலையில் ஒரு கல்யாணம். முந்தின நாள் விடியற்காலையில் நானும் வீட்டம்மாவும் நாகர்கோவில் சந்திப்பில் இறங்குகிறோம். இரவு ஒன்பதுக்குள் தக்கலை போய்ச் சேர்ந்தால் போதும். இடையில் கிடைக்கிற பகல் முழுக்க எங்களுடையது.

ஈரோட்டுக்காரர்கள் நாங்கள். குமரி மாவட்டம் இருவருக்கும் புதிது. விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை எல்லாவற்றையும் கல்யாணம் முடிந்து சொந்தபந்தங்களோடு பார்த்துக்கொள்வோம். இந்த ஒரு நாளை வாய்க்கும் வயிற்றுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறோம். அந்த மண்ணுக்கே உரியதைச் சாப்பிட வேண்டும், குடிக்க வேண்டும். எங்கள் ஊரிலும் கிடைக்கிற பிரியாணியும் பன்னீர் மசாலாவும் வேண்டாம்.

கார் இல்லை, பேருந்துதான். நான் எதையும் சாப்பிடுவேன். அவள் மீன் வரைக்கும் வருவாள், இறைச்சி தொடமாட்டாள். வீட்டில் கடலெண்ணெய்ச் சமையல், தேங்காயெண்ணெய் பழக்கமில்லை. இதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வடசேரிக்காரன்:

நல்ல காரியம் செய்கிறீர்கள் அண்ணே. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பேருந்திலேயே ஊரைக் கடந்து கன்னியாகுமரிக்குப் போய்விடுவார்கள். நாகர்கோவிலில் இறங்கிச் சாப்பிடுவதற்கென்று ஒருவர் வருகிறார் என்றால் சந்தோஷமாக இருக்கிறது.

நீங்கள் இறங்கும் ரயில் நிலையம் இருப்பது கோட்டாறு. வெளியே வந்ததும் பசி என்று கண்ட இடத்தில் இட்லிக்கு உட்கார்ந்துவிடாதீர்கள். கருப்பட்டிக் காப்பி ஒன்று மட்டும் குடியுங்கள். சுக்கு தட்டிப் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஆட்டோவோ பேருந்தோ பிடித்து மணிமேடைப் பக்கமோ வடசேரிப் பக்கமோ வந்துவிடுங்கள்.

காலைக்குத் தோசையும் ரசவடையும். பருப்பு வடையைச் சூடான ரசத்தில் போட்டு ஊறவைத்துத் தருவார்கள். வெளியே மெத்தென்று ஆகியிருக்க வேண்டும், நடுவில் பருப்பு பல்லில் தட்டுப்பட வேண்டும். நீண்ட நேரம் ஊறினால் கூழாகிவிடும் என்பதால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போவது நல்லது. தோசை மெலிதாக, மொறுமொறுப்பாக வராது. கொஞ்சம் தடிமனாக, மிருதுவாகத்தான் இருக்கும். அதைப் பிய்த்து ரசத்தில் தோய்த்து, வடையையும் உடைத்துச் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

இரண்டு பேர் என்பதால் ஒருவர் தோசை, மற்றவர் புட்டு சொல்லுங்கள். புட்டோடு சிறுபயறும் பப்படமும் வரும். பப்படத்தைப் புட்டின் மேல் நொறுக்கி, பயறு ஊற்றிப் பிசைய வேண்டும். பாதிப் புட்டை அப்படியே மிச்சம் வைத்து, ஒரு பழம் வாங்கி அதோடு பிசைந்து முடியுங்கள். இங்கே பலரும் அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

பழைய பயணி:

நான் சென்னை. குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தபோது கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். குழம்பில் மீன் வாசம்தான் இருந்தது, மீன் இல்லை. வறுத்த துண்டு நார் நாராக, ஐஸ் பெட்டியில் கிடந்து கிடந்து உயிர் போன மீன். கடலைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் சொல்கிறேன், குமரிச் சாப்பாடு பற்றிப் பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கட்டுமரம்:

பழைய பயணி, எந்த மாதம் போனீர்கள்?

பழைய பயணி:

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. மே மாதம்.

கட்டுமரம்:

அப்படியானால் காரணம் சொல்ல முடியும். நான் முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல் கணக்கு உண்டு. கன்னியாகுமரி முனைக்குக் கிழக்கே, சின்னமுட்டம் துறைமுகம், கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும். அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பக்கம் படகு நின்றிருக்கும்போது மறு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

மே மாதத்தில் முனையில் இருக்கும் கடைக்குப் பக்கத்துத் துறைமுகத்து மீன் குறைவு. கூட்டமோ அப்போதுதான் அதிகம். ஐஸ் மீன் வரத்தான் செய்யும். அதே நாளில் நீங்கள் குளச்சலில் இருந்திருந்தால் வேறு மீன் சாப்பிட்டிருப்பீர்கள்.

பவானிக்கரை, நீங்கள் வரும் தேதி உங்களுக்குச் சாதகம். மே மூன்றாவது வாரம் மேற்குக் கரை திறந்திருக்கும். மதியச் சாப்பாட்டைக் குளச்சல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் காலை டிபனோடு விட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

நாஞ்சில் இலை:

கட்டுமரம் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன். நாஞ்சில் நாட்டுக்கு முதல் முறையாக வருகிறவரை மதிய இலைச் சாப்பாடு சாப்பிடவிடாமல் அனுப்புவது நியாயமில்லை. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நெல் விளைந்த தாலுகாக்கள். இங்கே சைவச் சமையல் நன்றாக வளர்ந்திருக்கிறது.

தேங்காயை வறுத்து அரைத்த உள்ளித் தீயல் வேறு ஊர்களில் இந்தப் பக்குவத்தில் கிடைப்பது கஷ்டம். தேங்காய் துருவலை மல்லி, மிளகாயோடு கறுக்கும் எல்லை வரை வறுப்பார்கள். ஒரு நொடி தாண்டினால் கசப்பு. ஒரு நொடி முன்னால் இறக்கினால் வெறும் புளிக்குழம்பு. அவியலில் கடைசியாகப் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் விட்டு மூடிவைப்பார்கள், மறுபடி கொதிக்கவிட மாட்டார்கள். எரிசேரி, புளிசேரி (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு), வெள்ளரிக்காய்க் கிச்சடி, இஞ்சிப் பச்சடி, துவரன் என்று வரிசை போகும்.

சோறு வரும்போது சம்பா வேண்டுமா, வெள்ளைச் சோறா என்று கேட்பார்கள். சம்பா என்று சொல்லுங்கள். பருமனான, சிவந்த புழுங்கலரிசி. புளிசேரியைத் தாங்குவதற்கு அதுதான் சரி.

கட்டுமரம்:

நாஞ்சில் இலை அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் எதற்காக வருகிறார்? கல்யாணத்துக்கு. மறுநாள் தக்கலையில் இலை போட்டு இதையெல்லாம் அவருக்குப் பரிமாறப் போகிறார்கள். எந்த ஹோட்டலிலும் கிடைக்காத சமையல் கல்யாணப் பந்தியில் கிடைக்குமே. முந்தின நாள் மதியத்தை ஏன் அதிலேயே செலவழிக்க வேண்டும்?

பவானிக்கரை:

சரியான கேள்வி. மாப்பிள்ளை வீடு தக்கலைதான். சைவ விருந்து என்று பத்திரிகை கொடுக்கும்போதே சொன்னார்கள்.

நாஞ்சில் இலை:

அப்படியானால் நான் விட்டுக்கொடுக்கிறேன். மதியம் மீனுக்கே போகட்டும்.

ஆனால் பந்தியில் உட்காரும்போது இதைக் கவனியுங்கள். முதலில் பருப்பும் நெய்யும் வரும். பப்படத்தை அதில் நொறுக்குங்கள். அடுத்து சாம்பார். பாயசம் கடைசியில் வராது, நடுவிலேயே இலையில் ஊற்றுவார்கள். அதற்கு அப்புறம்தான் ரசமும் மோரும். வெளியூர்க்காரர்கள் பாயசத்தைப் பார்த்ததும் சாப்பாடு முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். எழுந்துவிடாதீர்கள். அடைப் பிரதமனில் (அரிசி அடை போட்ட பாயசம்) பப்படம், பழம் சேர்த்துப் பிசைந்து பாருங்கள். பால் பாயசத்தோடு போளி வைத்தால் போளியைப் பாயசத்தில் ஊறவிடுங்கள். அவ்வளவு இனிப்புக்குப் பிறகு ரசம் உள்ளே போகும்போது வயிறு ஆறும். அந்த வரிசையில் அர்த்தம் இருக்கிறது.

குழித்துறையாள்:

எல்லோரும் நாகர்கோவிலையும் கடற்கரையையும் பேசி முடித்துவிட்டீர்கள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மாவட்டத்தில் இல்லையா?

பவானிக்கரை அண்ணா, 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர்கள் எல்லாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று மேற்கே போகப் போக வயல் குறையும், மரச்சீனியும் (மரவள்ளி) ரப்பரும் கூடும், டீ சாயாவாக மாறும், தட்டில் சோற்றுக்குப் பதில் கிழங்கு வரும். ஒரே நாளில் இந்த மாற்றத்தை வாயால் உணரலாம்.

மரச்சீனிக் கிழங்கை இங்கே பரப்பியதில் பெரிய பங்கு விசாகம் திருநாள் மகாராஜாவுக்கு. 1880 முதல் 1885 வரை ஆண்டவர். அரிசி கிடைக்காத காலங்களில் இந்தக் கிழங்குதான் எங்கள் பாட்டிமார்களின் அடுப்பை எரியவைத்தது. பஞ்சத்துக்குச் சாப்பிட்டது இப்போது ஆசைக்குச் சாப்பிடுவதாகிவிட்டது.

கிழங்கை வேகவைத்து முதல் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகு தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்த்து மரக்கரண்டியால் மயக்குவார்கள், அதாவது மசிப்பார்கள். கூட சாளை (மத்தி) மீன்கறி. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு மார்த்தாண்டம் பக்கம் சின்னக் கடைகளில் இது சூடாக இருக்கும். அண்ணி மீன் சாப்பிடுவார்கள் என்றால் கவலையே இல்லை. உங்களுக்குப் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் வேண்டுமென்றால் அதுவும் அதே தெருவில் உண்டு. தேங்காய்க் கொத்து போட்டு, மிளகு தூக்கலாகச் செய்வார்கள்.

மார்த்தாண்டம் தக்கலையைத் தாண்டித்தான். சாப்பிட்டுவிட்டு ஒரு பேருந்து பின்னோக்கிப் பிடித்தால் கல்யாண வீடு.

பவானிக்கரை:

காலை நாகர்கோவில், மதியம் குளச்சல், மாலை மார்த்தாண்டம். படம் தெளிவாகிவிட்டது. கடைப் பெயர்கள் சொல்ல முடியுமா?

வடசேரிக்காரன்:

பெயர் எழுதிவைத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே நல்ல சாப்பாடு நேரத்தில்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு அருமையாக இருக்கும் ரசவடைக் கடையில் பதினொன்றுக்குப் போனால் ஒன்றும் மிச்சமிருக்காது. பெயர் பெற்ற கடை என்று போய் வரிசையில் நின்றே பாதி நாளைத் தொலைக்கிறவர்களைப் பார்க்கிறேன். காலையில் வேலைக்குப் போகிறவர்கள், பேருந்து ஓட்டுநர்கள், சந்தைக்கு மூட்டை சுமக்கிறவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள்.

டிபன் முடிந்ததும் நடங்கள். வடசேரியில் கனகமூலம் சந்தை இருக்கிறது, கோட்டாறில் கம்போளம் என்கிற கடைவீதி இருக்கிறது. இரண்டில் ஒன்றையாவது பாருங்கள். வாழைக்குலைகளைப் பார்க்கவே போகலாம். ஏத்தன் (நேந்திரன்), செந்துளுவன், பாளையங்கோட்டான், பேயன், ரசகதலி என்று தொங்கும். மட்டியைத் தவறவிடாதீர்கள். விரல் நீளப் பழம், மெல்லிய தோல், பழுத்த குலை இருக்கும் கடையை வாசம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கம் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் அதுதான். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் மெலிது என்பதால் தூரப் பயணம் தாங்காது. அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.

பதினொரு மணி வெயிலுக்குப் பழச்சர்பத். வெற்றிலை பாக்கு விற்கிற முறுக்கான் கடைகளிலேயே கிடைக்கும். பழத்தைத் தம்ளரில் போட்டு மசித்து, நன்னாரிச் சாறு ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு ஆற்றித் தருவார்கள். குடிப்பதா, கரண்டியால் சாப்பிடுவதா என்கிற அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அது உள்ளே போனால் மதியம் ஒன்றரை வரை பசி எடுக்காது. குளச்சல் பயணத்துக்குச் சரியான கணக்கு.

பவானிக்கரை:

பதநீர், கள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பனங்காட்டான்:

நான் சொல்கிறேன். என் அப்பா பனையேறினவர்.

பதநீரை எங்கள் பக்கம் அக்கானி என்போம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவதால் அது புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். அதே மரம், அதே பாளை. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. அதனால் இந்த மாவட்டத்துக்குள் கள் தேடாதீர்கள். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். என்ன கலந்திருக்கிறார்கள் என்பது தெரியாது. குடித்தே தீர வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அங்கே உட்கார்ந்து குடிக்கலாம், கிழங்கும் மீனும் அங்கேயும் உண்டு. பாட்டிலில் ஊற்றி எல்லையைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது.

ஆனால் என்னிடம் கேட்டால், மே மாதம் வருகிறவர் அக்கானிக்குத்தான் விடியலில் எழ வேண்டும். பருவம் முடிகிற நேரம், அதனால் விசாரித்துத்தான் பிடிக்க முடியும். காலை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற மணமும் ருசியும் மாறிவிடும். நுங்கு வெட்டிப் போட்டு, பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் வாங்கிக் குடியுங்கள். சாலையோரத்தில் நடுப்பகலில் பானை வைத்து விற்பதை நான் குடிக்க மாட்டேன். தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்த கதையாக இருக்கலாம்.

இன்னொன்று. விலை பேசாதீர்கள். ஒரு கலயம் இறக்க ஒரு மனிதர் காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கேட்ட காசைக் கொடுங்கள்.

பழைய பயணி:

கேரளத்தில் கள்ளுக்கு உரிமம், இங்கே தடை, அதே நேரம் மதுக்கடை மட்டும் அரசாங்கமே நடத்துகிறது. பனங்காட்டான், உங்களுக்குக் கோபம் வருவதில்லையா?

பனங்காட்டான்:

வருகிறது. சீமைச் சாராயத்தை விற்றுக்கொண்டு, பனையேறியின் கையைக் கட்டிப்போடுவது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். கள்ளினால் குடும்பங்கள் கெட்டதும் உண்டு என்று என் அம்மா சொல்வாள், அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அக்கானி இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கிறவனுக்கு விறகு விலையும் கூலியும் கட்டுபடியாகவில்லை. பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டிப் போடுகிறார்கள். என்னைச் சுடுவது அதுதான். தடை நீங்குகிற காலத்தில் ஏறுவதற்கு மரமும் ஆளும் இருக்க வேண்டுமே.

குழித்துறையாள்:

அண்ணா, கருப்பட்டி பாகுப் பதத்தில் இருக்கும்போது எடுக்கிற கூப்பனி கிடைத்தால் ஒரு சின்னப் பாட்டில் வாங்குங்கள். தோசைக்கும் கிழங்குக்கும் ஊற்றிச் சாப்பிடலாம். பனைத் தொழில் செய்கிற வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டுமரம்:

மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். குளச்சலுக்கு நாகர்கோவிலிலிருந்து பேருந்து அடிக்கடி உண்டு. 1741இல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த ஊர், கடற்கரைப் பக்கம் நினைவுத் தூண் நிற்கிறது. சாப்பாட்டுக்கு முன் அதையும் பார்த்துவிட்டு, மீன் இறங்குகிற இடத்தையும் ஒரு சுற்று பாருங்கள். அங்கே கிடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு கடைக்குள் போனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். பாரை குவிந்து கிடக்கிற அன்றைக்கு நெய்மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. (நீங்கள் வஞ்சிரம் என்பதை இங்கே நெய்மீன் என்று கேளுங்கள்.)

தேங்காய் அரைத்த மீன்கறி சாப்பாட்டோடு வரும். அதற்கு மேல் மூன்று பண்டங்களைத் தேடுங்கள்.

மீன் அவியல் முதலாவது. நெத்திலியோ சாளையோ, தேங்காயும் மிளகாயும் சின்ன உள்ளியும் கரகரப்பாகத் தட்டிப் போட்டு, மாங்காய்த் துண்டு சேர்த்து, தண்ணீர் வற்றவிட்டு, மேலே தேங்காயெண்ணெய் சுற்றி இறக்கியது. மே மாதம் மாங்காய்க் காலம், அதனால் புளிப்பு அருமையாக இருக்கும். பெரும்பாலான ஹோட்டல்கள் இதைச் செய்வதில்லை, வீட்டுப் பண்டம். வீட்டம்மாமார் நடத்துகிற சின்னக் கடைகளில் கேளுங்கள்.

அடுத்தது மீன் புளிமுளம். புளியும் மிளகாயும் தூக்கல், சிவந்து கிடக்கும். கிழங்குக்கும் பழஞ்சோற்றுக்கும் அதுவே போதும்.

சிப்பி. குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் பாறைகளில் மூழ்கி எடுக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அலை அடிக்கிற பாறையில் கைவைத்துப் பெயர்க்கிற வேலை. எல்லா மாதமும் கிடைக்காது. கிடைக்கிற நாளில் மிளகு போட்டு வறுத்துத் தருவார்கள். இல்லை என்றால் இல்லை, வற்புறுத்த வேண்டாம்.

வடசேரிக்காரன்:

சாயங்காலச் சாயாவுக்கும் ஒரு வார்த்தை. ஏத்தன்பழ பஜ்ஜி, சுழியன், உள்ளி வடை மூன்றும் நான்கு மணிக்குத்தான் அடுப்பிலிருந்து இறங்கும். ஒன்று எடுத்தால் போதும், கிழங்குக்கு இடம் வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோக ஏத்தங்காய் சிப்ஸ். பொட்டலமாகக் கட்டி அடுக்கியதை வாங்காதீர்கள். பெரிய உருளியில் தேங்காயெண்ணெய் காயும் கடையாகப் பாருங்கள். காயைக் கட்டையிலிருந்து நேராக எண்ணெய்க்குள் சீவுவார்கள். பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் காய்ந்த எண்ணெயிலேயே தெளிப்பார்கள், படபடவென்று பொரிந்து அடங்கும். அப்படித்தான் உப்பு உள்ளே இறங்குகிறது. சூட்டோடு ஒரு கை வாங்கி வீட்டம்மாவிடம் கொடுங்கள். தேங்காயெண்ணெயோடு பழக அது நல்ல வழி.

முந்திரிக்கொத்தும் வாங்குங்கள். பெயரில்தான் முந்திரி. உள்ளே வறுத்துப் பொடித்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும். வாரக்கணக்கில் கெடாது.

தேனீப்பெட்டி:

மார்த்தாண்டம் வரை போகிறவர் தேன் வாங்காமல் திரும்ப வேண்டாம். அதற்கும் இது நல்ல சமயம், பருவத் தேன் எடுத்து முடித்திருப்பார்கள்.

எங்கள் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வருகிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் இருக்கிற சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன, பூவிலிருந்து அல்ல. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பெட்டிகளைத் தோட்டத்துக்குள் வைப்போம். மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு வேலைகளோடு பரவியது. மார்த்தாண்டம் தேனுக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேன் அடியில் உறைந்திருந்தால் சர்க்கரை கலந்தது என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மனம் வலிக்கிறது. ரப்பர்த் தேன் இயல்பாகவே உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனையும் ஒன்றையும் நிரூபிக்காது, கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் அடியில் போய்த் தங்கும். தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்திலோ, பெட்டி வைத்திருக்கிற வீட்டிலோ வாங்குங்கள்.

பவானிக்கரை:

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கானி கிடைக்கவில்லை. இரவெல்லாம் மழை பெய்ததால் யாரும் ஏறவில்லை என்று கோட்டாறில் ஆட்டோக்காரர் சொன்னார். கருப்பட்டிக் காப்பி கிடைத்தது. ரசவடை சொன்னபடியே. அவளுக்குப் புட்டும் பழமும் பிடித்துப்போய், வீட்டுக்கு ஒரு புட்டுக்குழல் வாங்கியாகிவிட்டது. பழச்சர்பத்தைக் குடித்தேன் என்பதா சாப்பிட்டேன் என்பதா, எனக்கும் தெரியவில்லை.

குளச்சலில் சிப்பி இல்லை. கரையில் பாரையும் சாளையும் கிடந்தன. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியம்மாவிடம் மீன் அவியல் எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு தெருவுக்குள் நாலு மேசை மட்டும் போட்டிருந்த கடைக்குக் கூட்டிப் போனார். அவியல் அன்றைய பட்டியலில் கிடையாது. கடைக்கார அம்மா, அரை மணி நேரம் உட்காருவீர்களா என்று கேட்டார். உட்கார்ந்தோம். அம்மியில் தேங்காய் தட்டுகிற சத்தம் கேட்டது. நெத்திலியும் மாங்காயும். வாயில் வைத்ததும் முதலில் மாங்காயின் புளிப்பு, அப்புறம் மிளகாய், எல்லாம் அடங்கினபின் பச்சைத் தேங்காயெண்ணெய் வாசம். தேங்காயெண்ணெய் வேண்டாம் என்று ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவள், இலையில் கடைசித் துளி வரை வழித்துவிட்டு, இதற்குக் கடலெண்ணெய் ஊற்றினால் கெட்டுப்போகும் என்றாள். அவியலுக்குத் தனியாகக் காசு வாங்க அந்த அம்மா மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மார்த்தாண்டத்தில் கிழங்கும் சாளைக்கறியும். நான் மட்டும் பரோட்டாவும் வறுவலும். எனக்குக் கிழங்குதான் ஒரு படி மேல். கட்டன் சாயா (பால் இல்லாத டீ) ஒன்று குடித்துவிட்டுப் பேருந்து ஏறினோம், மணி எட்டு. மறுநாள் பந்தியில் பாயசம் வந்ததும் எழப்போன என் மச்சானைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

நாஞ்சில் இலை:

தீயல் எப்படி?

பவானிக்கரை:

கறுப்பாக இருந்தது, கசக்கவில்லை. மூன்று முறை வாங்கினேன்.

மேட்டூரான்:

இழை முழுவதும் படித்தேன். நானும் நண்பர்கள் மூவரும் ஜூலை முதல் வாரம் வருகிறோம். இதே வழியில் போகலாமா?

கட்டுமரம்:

காலையும் மாலையும் அப்படியே போகலாம், மதியத்தை மாற்றுங்கள். ஜூலையில் மேற்குக் கரை விசைப்படகுகள் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிப்பாக இருந்தால் வள்ளங்களும் இறங்காது. கிழக்குப் பக்கம் தடை ஜூன் 14 அன்று முடிந்துவிடும், சின்னமுட்டத்தில் படகுகள் போய் வந்துகொண்டிருக்கும். எனவே அந்த மாதம் மீனுக்கு முனைப் பக்கம்தான் சரி. கடற்கரைக் கடைவீதியில் உட்காராமல் துறைமுகத்துப் பக்கம் விசாரியுங்கள். பழைய பயணியும் ஜூலையில் ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

நாகர்கோவிலில் நாஞ்சில் இலை சொன்ன சாப்பாட்டையும் ஒரு மதியம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கல்யாணப் பந்தி இல்லையே. புறப்படுவதற்கு முந்தின நாள் இங்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள். கரையில் என்ன மீன் வந்தது என்று கேட்டுச் சொல்கிறேன்.